கை காட்டினா நிக்கிறவரு

மிஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது அவரு யாருகிட்டயும் பேசி நான் பாத்ததே கெடையாது. தான் வாயத் தொறக்கணும்னாலும் நிறுத்துவாரு, அடுத்தவங்க வாயத் தொறந்தாலும் நிறுத்துவாரு. பீடிக்கு நெருப்பு கேட்டு ஒருத்தன் வந்து நின்னா நிறுத்துவாரு. 'எங்க ஆடு இந்தப் பக்கம் வந்துச்சா சாமி'ன்னு ஒரு அம்மா வந்து நின்னா, மரத்துல பாதி எறங்கியிருக்குற பிளேட வெளிய எடுத்து, சுவிட்ச அமுக்கி, மிஷினத் தரையில வெச்சுட்டு, 'சொல்லுங்கம்மா'ன்னு நிப்பாரு. அந்த அம்மா ஆட்டோட நெறம், கொம்பு, அது போன வருசம் போட்ட குட்டி வரைக்கும் சொல்லி முடிக்கும். இவரு அம்புட்டையும் கேட்டுட்டு, 'பாக்கலீங்களே'ம்பாரு. பாக்கலன்னு தலைய ஆட்டிட்டு வேலையப் பாக்குறதுக்கு என்னா கேடு? அதெல்லாம் அவருக்கு வராது.

எண்பதுகளோட தொடக்கம்னு வெச்சுக்குங்க. குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவுல இருந்த தைலமரக் காட்டையெல்லாம் காகித மில்லுக்குன்னு வெட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்க காண்ட்ராக்டர் எங்கேருந்தோ ரெண்டு அறுப்பு மிஷின் வாங்கியாந்தாரு. பெட்ரோல்ல ஓடுறது. கயித்த இழுத்தா கெளம்பும். பல்லு வெச்ச சங்கிலி ஒண்ணு பிளேடச் சுத்தி ஓடி மரத்தத் தின்னுக்கிட்டே போவும். ஒரு மிஷின் எங்க வூட்டுக்காரரு கையில, இன்னொண்ணு இவரு கையில. விழுந்த மரத்துக்குப் பட்டை உரிக்க நாங்க பொம்பளைங்க பத்து பன்னெண்டு பேரு. ஒரு காடு முடிஞ்சா கூடாரத்தப் பிரிச்சுக்கிட்டு அடுத்த காட்டுக்குப் போயிடுவோம்.

நாங்க அவருக்கு வெச்ச பேரு டவுன் பஸ். கை காட்டுனா எங்க வேணும்னாலும் நிக்கும்ல, அதனால. 'டவுன் பஸ் நின்னுருச்சுடி, யாரு எறங்குறா பாரு'ன்னு பட்டை உரிச்சுக்கிட்டே சிரிப்போம். அவரு காதுலயும் விழும். கோவமே வராது அந்த மனுசனுக்கு. ஒரு தடவை நாய் ஒண்ணு கிட்ட நின்னு கொலைச்சுதுன்னு நிறுத்திட்டாரு. எங்க வூட்டுக்காரரு, 'ஏய்யா, நாய்கிட்டயும் வெவரம் கேக்கப்போறியா?'ன்னாரு. 'அது சும்மா கொலைக்காதுண்ணே'ன்னு சுத்தி வந்து பாத்தாரு. பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. நாய் சும்மாதான் கொலைச்சுது. நாங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

எங்க வேலையில ஒரு முறை உண்டு. மிஷின் புடிக்கிறவருக்கு எதுக்க, பத்தடி தள்ளி, ஒரு பொம்பள நிக்கணும். மிஷின் போடுற சத்தத்துல அவருக்குக் காது கேக்காது. கண்ணும் பிளேடு மேலயே இருக்கும். அப்ப அவருக்குக் காதும் கண்ணும் எதுக்க நிக்கிறவதான். பின்னால யாராச்சும் வந்தாலும், மரம் வேற பக்கம் சாஞ்சாலும், இவ கையத் தூக்கணும். கையத் தூக்குனா மிஷின் நிக்கணும். நிறுத்திட்டுத்தான் ஏன்னு கேக்கணும், கேட்டுட்டு நிறுத்தக் கூடாது. இது காண்ட்ராக்டர் போட்ட சட்டம் இல்ல, நாங்களா வெச்சுக்கிட்டது. எங்க வூட்டுக்காரரு கையத் தூக்குனா வேகத்த மட்டும் கொறைச்சுக்கிட்டு, 'என்னாடி இப்ப!'ன்னு கத்துவாரு. இவருக்கு அந்தப் பேச்சே கெடையாது. கை மேல போனா மிஷின் அடங்கிடும். அப்புறம் மெதுவா, 'என்னங்கக்கா?'ம்பாரு.

ஒரு நாளு அவருக்கு எதுக்க நிக்கிற மொறை எனக்கு. நான் நின்ன லட்சணத்தச் சொல்றேன் கேளுங்க. பக்கத்துல பட்டை உரிச்சவகிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். சுள்ளி பொறுக்க வந்த அம்மா ஒண்ணு, மரம் சாயப்போற பக்கமே குனிஞ்சுக்கிட்டு வந்துடுச்சு. நான் திரும்பிப் பாக்கயில மரம் முனக ஆரம்பிச்சுடுச்சு. பதறிப்போயி ரெண்டு கையையும் தூக்குனேன். அடுத்த நொடி மிஷின் நின்னுச்சு. என் கத்தலு அப்பத்தான் அந்த அம்மா காதுல விழுந்துச்சு, ஓடிப் பொழைச்சுக்கிச்சு. அது போன கையோட மரம் படுத்துச்சு. நான் அப்படியே ஒக்காந்துட்டேன். காண்ட்ராக்டர் வந்து, யாரு எதுக்க நின்னது, ஏன் முன்னாடியே கை தூக்கலன்னு எகிறுனாரு. இவரு, 'அக்கா சரியாத்தாங்க தூக்குனாங்க, நான்தான் கவனிக்க ஒரு நொடி ஆயிடுச்சு'ன்னுட்டாரு. பழியத் தன் தலையில போட்டுக்கிட்டாரு. காண்ட்ராக்டர் போனதும் நான் அழுதேன். 'விடுங்கக்கா. கை தூக்குனீங்கல்ல, அது போதும்'னாரு.

அவரு பொண்டாட்டி, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க எல்லாம் வேப்பந்தட்டைப் பக்கம் மாமியாரு வூட்டுல. காடு காடா அலையுற பொழப்புல குடும்பத்த எங்க கொண்டாந்து வெக்கிறது? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சனிக்கெழம சாயங்காலம் பஸ்ஸேறிப் போவாரு, திங்கக்கெழம விடியக்காலையில வந்துடுவாரு. ஒரு திங்கக்கெழம வந்தவரு பொரிகடலையப் பங்கு வெச்சுக்கிட்டே சொன்னாரு: 'அக்கா, இந்த வாட்டி கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. நான் வாசல்ல நொழையிறேன், எங்க சின்னது உள்ள ஓடிப்போயி, அம்மா, அந்த மாமா வந்துருக்குங்குது.' சொல்லிட்டு அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். இப்ப நெனச்சா என் வாயிலயே போட்டுக்கலாம்னு இருக்கு. 'ஒரு எடமா வேலை கெடைச்சா புள்ளைங்களக் கூட்டியாந்துடுவேங்கக்கா. சின்னது மறந்துபோவுறதுக்குள்ள'ன்னாரு. இத நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கல.

அந்தப் பொங்கல் போட்டியப் பத்திச் சொல்லணும். நாங்க கூடாரம் போட்டிருந்த ஊர்ல காணும் பொங்கலுக்கு உறியடி, கபடி, கயிறு இழுக்குறது எல்லாம் வெப்பாங்க. எங்க மிஷின் ரெண்டையும் பாத்து ஊருப் பசங்களுக்கு ஆசை வந்துடுச்சு. 'உங்க மிஷினையும் ஓட விட்டுப் பாப்போம்யா'ன்னாங்க. ஸ்கூலு மைதானத்துல கவட்டை நட்டு, அது மேல ரெண்டு தைலமரக் கட்டைய ஏத்தி வெச்சாங்க. விசில் அடிச்சதும் கயித்த இழுத்துக் கெளப்பி, கட்டையில மூணு வில்லை அறுத்துத் தள்ளணும். ஒண்ணு மேலேருந்து கீழ, ஒண்ணு கீழேருந்து மேல, மறுபடி ஒண்ணு மேலேருந்து கீழ. மொதல்ல முடிச்சவரு ஜெயிச்சவரு. மிஷின் சத்தம் நாலு ஊருக்குக் கேக்கும். மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வந்து பாத்தாங்க.

மொத வருசம் அவருதான் முன்னால போனாரு. மூணாவது வில்லையில பிளேடு எறங்கையில, கூட்டத்துல எவனோ ஒரு எடக்குப் புடிச்சவன், 'அண்ணே, மணி என்னா?'ன்னு கைய ஆட்டிக் கேட்டான். மிஷின் நின்னுபோச்சு! 'சொல்லுங்க தம்பி'ங்குறாரு! மைதானமே விழுந்து விழுந்து சிரிச்சுது. மைக்குல பேசுனவரு, 'டவுன் பஸ் பயணியை ஏத்திக்கொண்டிருக்கிறது'ன்னாரு. எங்க வூட்டுக்காரரு ஜெயிச்சாரு. பரிசு ஒரு துண்டு. யாருக்கும் வருத்தமில்ல. அவருதான் ரொம்பச் சிரிச்சாரு.

ரெண்டாவது வருசம் அப்படி இல்ல. அரியலூரு ரயிலடிகிட்ட மில்லுக்கு ஒரு கட்டை டிப்போ தொறந்தாங்க. லாரியில வர்ற கட்டைய அளவு பாத்து அறுக்க மிஷின் தெரிஞ்ச ஒரு ஆளு வேணும். நெரந்தர வேலை, டிப்போ காம்பவுண்டுலயே ஓட்டு வூடு ஒண்ணு, வாசல்ல கொழாய். டிப்போ ஆபீசரு காண்ட்ராக்டருகிட்ட, 'ரெண்டு பேருல யாரு நல்ல கைன்னு பொங்கலுக்கு வந்து நானே பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டாராம். வெளாட்டு வெளாட்டா நடந்த போட்டி அதோட வேற ஒண்ணா ஆயிடுச்சு. வெளிய எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். உள்ளுக்குள்ள எனக்கு அடுப்பு எரிஞ்சுது.

எனக்கும் ஒரு பொண்ணு. மூணு வருசத்துல மூணு ஸ்கூலு. மூணு எடத்துலயும் ஒண்ணாங்கிளாஸ்லயே ஒக்கார வெச்சாங்க. கூடாரத்துல மழை பேஞ்சா அவ புஸ்தகத்த என் மடியில வெச்சுக்கிட்டுக் குந்தியிருப்பேன். எனக்கும் அந்த வூடு வேணும்தான். ஆனா அவருக்கு வேணும்ங்கறதும் எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்காரரு மிஷின மொரட்டுத்தனமா அமுக்குவாரு, அறுப்பு கோணலாத்தான் வரும். அவரு அறுத்தா நூல் புடிச்ச மாதிரி இருக்கும். வேகமும் அவருதான். இதும் எனக்குத் தெரியும்.

அந்த வருசம், போட்டிய நடத்துன ஸ்கூலு ட்ரில் மாஸ்டர் ஒரு புது விதி போட்டாரு. போன வருசம் எதுக்க நின்ன பொம்பளைங்க, 'அவரு முடிக்கப்போறாரு, நீ அமுக்கு'ன்னு அவங்கவங்க ஆளுக்குச் சாடை காட்டுனாங்கன்னு ஒரு பேச்சு. அதனால இந்த வாட்டி ஆள மாத்தி நிக்கணும். எங்க வூட்டுக்காரருக்கு எதுக்க அவரு பக்கத்து ஆளு. அவருக்கு எதுக்க நான். 'எதிர்ப்பக்கத்து ஆளு நின்னாத்தான் நியாயமா இருக்கும்'னாரு மாஸ்டர். நல்ல நியாயம்!

மைதானத்துக்கு அவரு வெள்ளை வேட்டியோட வந்தாரு. மிஷின் புடிக்கிறதுக்கு யாராச்சும் வெள்ளை வேட்டி கட்டுவாங்களா? மடிச்சுக் கட்டிக்கிட்டே என்கிட்ட வந்து, 'அக்கா, இந்த வருசம் மணி கேட்டாலும் வழி கேட்டாலும் திரும்ப மாட்டேன். உங்க கைய மட்டும்தான் பாப்பேன்'னாரு. நான், 'சரிங்க தம்பி'ன்னேன்.

விசில் அடிச்சாங்க. ரெண்டு மிஷினும் ஒரே இழுப்புல கெளம்பிடுச்சு. மரத்தூள் பறக்குது, தைல வாசனை கண்ணுல எரியுது. மொத வில்லை அவருது விழுந்து எண்ணி மூணு நாலு நொடி கழிச்சுத்தான் எங்க வூட்டுக்காரருது விழுந்துச்சு. ரெண்டாவதும் அப்படியே. கூட்டத்துல ஒருத்தன், 'மாமா, மணி என்னா?'ன்னு கத்துறான், துண்ட வீசுறான். அவரு திரும்பல. ஒவ்வொரு நொடிக்கும் ஒரு தடவை கண்ண நிமித்தி என்னைப் பாக்குறாரு, திரும்பக் குனியிறாரு. மூணாவது வில்லையில பிளேடு பாதி எறங்கிடுச்சு. நாக்காலியில ஒக்காந்திருந்த ஆபீசரு பக்கத்துல இருந்தவருகிட்ட இவரக் காட்டி என்னமோ சொல்லித் தலைய ஆட்டுறாரு. முடிஞ்சுது, வூடு போச்சுன்னு நெனச்சேன்.

நான் கையத் தூக்கிட்டேன்.

கை தானாத் தூக்கிக்கிச்சுன்னு பல நாளு எனக்கு நானே சொல்லிப் பாத்திருக்கேன். பொய். யோசிச்சுத்தான் தூக்குனேன். அவரு நிமுந்து பாக்குற நேரமாப் பாத்துத் தூக்குனேன்.

மிஷின் நின்னுபோச்சு. பக்கத்துக் கட்டையில எங்க வூட்டுக்காரரு மிஷின் அலறிக்கிட்டு இருக்கு. 'என்னங்கக்கா?'ன்னாரு. சத்தம் கேக்கல, வாயசைவுல தெரிஞ்சுது. நான், 'புள்ள... புள்ள ஒண்ணு பின்னால ஓடியாந்துச்சு'ன்னு கத்துனேன். சொன்ன நொடி அவரு மூஞ்சியப் பாக்கணுமே. மிஷினப் போட்டுட்டு கட்டையச் சுத்தி ஓடுனாரு. கவட்டைக்குக் கீழ குனிஞ்சு பாத்தாரு. கூட்டத்து ஓரமா நின்ன புள்ளைங்களையெல்லாம், 'தள்ளி நில்லுங்கம்மா, தள்ளி நில்லுங்க'ன்னு கையால ஒதுக்கி விட்டாரு. அப்புறந்தான் வந்து கயித்த இழுத்தாரு. சூடேறுன மிஷின் சட்டுனு கெளம்பாது. நாலு இழுப்பு இழுத்தாரு. அஞ்சாவதுல கெளம்புறப்ப எங்க வூட்டுக்காரரு வில்லை கீழ விழுந்துடுச்சு.

ட்ரில் மாஸ்டர் நல்ல மனுசன். ஓடியாந்து, 'நடுவுல தடங்கல் வந்துடுச்சு, வேற கட்டை வெச்சு இன்னொரு தடவை நடத்தலாம்'னாரு. நடத்துனா அவருதான் ஜெயிப்பாருன்னு எனக்குத் தெரியும். அவரு நெத்தி வேர்வையத் தொடைச்சுக்கிட்டே, 'வேணாங்க சார். கை தூக்குனா நிறுத்துறது எங்க முறை. அண்ணன் ஜெயிச்சாரு, அவ்வளவுதான்'னாரு. அப்புறம் என்கிட்ட வந்தாரு. கைய எடுத்துக் கும்புட்டாரு. 'நல்ல நேரத்துல பாத்தீங்கக்கா. இல்லன்னா இன்னிக்கு என்னா ஆயிருக்கும்'னாரு. அந்தக் கும்புடு இருக்கே, அத என்னால இன்னிக்கும் எறக்கி வெக்க முடியல.

ஆபீசரு எந்திரிச்சுப் போகையில காண்ட்ராக்டருகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. 'அந்த ஆளு கை நல்ல கைதான். ஆனா கவனம் செதறுது. டிப்போவுல அப்படி இருந்தா ஆவாது.'

பரிசு அந்த வருசம் எவர்சில்வர் குடம். வூடும் வந்துச்சு, கொழாயும் வந்துச்சு. எங்க பொண்ணு ஒரே ஸ்கூலுல சேந்து மளமளன்னு மேல போனா. அந்தக் குடத்துலதான் தெனம் தண்ணி புடிச்சோம். எங்க வூட்டுக்காரரு ஒரே ஒரு தடவை, சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது, 'எந்தப் புள்ளடி அது?'ன்னு கேட்டாரு. 'தெரியல, ஓடிடுச்சு'ன்னேன். கொழம்ப இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னாரு. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.

அவரு அந்தக் காட்டு வேலையிலயே இருந்தாரு. கட்டை லாரியோட எப்பவாச்சும் டிப்போவுக்கு வருவாரு. வந்தா வாசல்ல நின்னு, 'அக்கா, தண்ணி'ம்பாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டாரு, காலெல்லாம் தூசும்பாரு. அந்தக் குடத்துலேருந்துதான் மொண்டு குடுப்பேன். வேற குடம் வாங்கி வெக்கணும்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். அவரு, 'அண்ணன் ஜெயிச்ச குடமா? தண்ணி ஜில்லுனு இருக்கு'ம்பாரு. குத்திக் காட்டுறதுக்கா சொல்றாருன்னு மூஞ்சிய உத்துப் பாப்பேன். ஒண்ணுமே இருக்காது அந்த மூஞ்சியில. ஒருக்கா டம்ளர் கை நழுவி விழுந்துச்சு. எடுத்துக் குடுத்தப்பதான் பாத்தேன், வெரலு நாலும் நுனி வரைக்கும் வெளுத்துக் கெடந்துச்சு. 'மிஷின் நடுக்கம் வெரலுக்குள்ளயே தங்கிடுச்சுங்கக்கா. குளுரு காலத்துல சட்டைப் பித்தான் போட மாட்டேங்குது'ன்னாரு. எங்க வூட்டுக்காரரு டிப்போவுல ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் மிஷின் புடிச்சா பெரிசு. அவரு காட்டுல விடிஞ்சதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் புடிச்சாரு. சின்னதப் பத்தி நானா கேட்டேன். 'இப்ப அப்பான்னுதாங்கக்கா கூப்புடுது. ஆனா உள்ள வந்த ஒடனே எப்ப போவீங்கன்னு கேக்குது'ன்னாரு. அப்பவும் சிரிச்சாரு. நான் இந்தத் தடவை சிரிக்கல.

சொல்லிடணும், சொல்லிடணும்னு எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்திருக்கும்! அவரு லாரி போன பெறவுதான் எனக்கு வார்த்தை கோர்வையா வரும். கெட்டவளுக்கு இருக்குற தைரியமும் இல்ல, நல்லவளுக்கு இருக்குற தைரியமும் இல்ல. நான் அந்த ரகம்.

ஏழெட்டு வருசம் ஓடிப்போச்சு. வேப்பந்தட்டைக்கு அந்தாண்ட சொந்தக்காரங்க வூட்டுல ஒரு காதுகுத்து. பஸ்ஸ விட்டு எறங்கி வயக்காட்டு வழியா நடந்து போறேன். தூரத்துல ஒரு தோப்புல அறுப்பு மிஷின் சத்தம். மிஷினு நெறைய வந்துடுச்சு அப்ப, யாரு கையில இல்ல? அதனால நான் பாட்டுக்கு நடந்தேன். சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கெளம்புச்சு. திரும்ப நின்னுச்சு. எனக்குக் கால் அப்படியே நின்னுபோச்சு. இது அவருதான்னு தெரிஞ்சுபோச்சு. இன்னிக்குச் சொல்லிடுறதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு, காதுகுத்தையும் மறந்துட்டு தோப்புக்குள்ள போனேன்.

காத்துல சாஞ்ச பெரிய வேப்பமரம் ஒண்ண அறுத்துக்கிட்டு இருந்தாரு. தலை பாதி நரைச்சுடுச்சு. வெரலுல துணி சுத்தியிருந்தாரு. கூட ரெண்டு ஆளுங்க கெளை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் கையெல்லாம் தூக்கல, சும்மா போயி நின்னேன். அதுக்கே மிஷின் நின்னுச்சு.

'அக்காவா! வாங்க, வாங்க'ன்னாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அந்த ரெண்டு பேரையும் கூப்புட்டாரு. 'டேய், நான் அடிக்கடி சொல்லுவேன்ல, குன்னத்துப் பக்கம் பொங்கல் போட்டியில ஒரு கொழந்தைய காப்பாத்துனாங்கன்னு. அது இவங்கதான்டா. சொந்த வூட்டுக்காரரு ஜெயிக்கிறதா தோக்குறதான்னு இருக்குற நேரத்துல, அதப் பாக்காம, எனக்குக் கையத் தூக்குனாங்க பாரு, அதான் மனுசத்தன்மை'ன்னாரு.

அந்த ரெண்டு பேரும் என்னை அப்படியே மரியாதையாப் பாத்தாங்க. பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு எனக்கு.

அவரு பக்கத்துல வந்து கொரலத் தாழ்த்திக்கிட்டாரு. 'உங்ககிட்ட சொல்றதுக்கு என்னங்கக்கா. அந்த வேலை கெடைக்கலன்னு எனக்கும் ரொம்ப நாளு உள்ளுக்குள்ள அரிச்சுது. எங்க சின்னது மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அரிக்கும். அப்ப அந்தப் புள்ளைய நெனச்சுக்குவேன். யாரு பெத்த புள்ளையோ, எங்கயோ நல்லா இருக்கும்ல? போனா போவுது, அதுக்கு இது ஈடுன்னு மனசு ஆறிடும்.' அப்புறம் கேட்டாரு: 'அது யாரு புள்ளன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதாங்கக்கா?'

சொல்றதுக்குன்னுதான் நான் அங்க போனேன். அந்தப் புள்ளையே கெடையாது தம்பின்னு சொல்லணும். அப்படிச் சொன்னா அவருகிட்ட என்னா மிஞ்சும்? வெளுத்த வெரலும், எப்ப போவீங்கன்னு கேக்குற பொண்ணும்தான்.

'தெரிஞ்சுதுங்க தம்பி'ன்னேன்.

'அப்படியா! பையனா, பொண்ணா?'

'பொண்ணு.'

'வளந்துருக்குமே இப்ப?'

'வளந்துடுச்சு. நல்லாப் படிக்குது.'

இப்படியும் ஒருத்தி இருப்பாளா? இல்லாத புள்ளைக்குப் படிப்பு வரைக்கும் குடுத்தேன். அவரு மூஞ்சி மலந்துபோச்சு. கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. அந்த ஆளுங்ககிட்ட, 'படிக்குதாம்டா'ன்னாரு. துணி சுத்துன கையால கண்ணத் தொடைச்சுக்கிட்டு, 'இருங்கக்கா, இந்த ஒரு வெட்டு முடிச்சுட்டு எளநி வெட்டச் சொல்றேன்'னு கயித்த இழுத்தாரு. ஒரே இழுப்புல கெளம்புச்சு.

அவரு குனிஞ்சு அறுக்குறாரு. நான் எதுக்க பத்தடி தள்ளி நிக்கிறேன். அந்தச் சத்தத்துல யாரு என்னா பேசுனாலும் யாருக்கும் கேக்காது. அந்த தைரியத்துல நான் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். 'புள்ள யாரும் வரல தம்பி. நான் பொய் சொன்னேன். வூட்டுக்கு ஆசப்பட்டு உங்கள ஏமாத்திட்டேன்'னு மொத்தத்தையும் சொன்னேன்.

அவரு தலைய நிமித்திப் பாத்தாரு. என் ஒதடு அசையிறதப் பாத்துட்டாரு. பிளேட வெளிய எடுத்தாரு. சுவிட்ச அமுக்குனாரு. மிஷினத் தரையில வெச்சாரு. தோப்பு அப்படியே அமைதியாயிடுச்சு.

'என்னங்கக்கா? என்னமோ சொன்னீங்களே?'

'ஒண்ணுமில்லீங்க தம்பி'ன்னேன்.